அக்கா கடையில் ஓடிய என் கெர்னல்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் பரண் வேலை என்று சொல்லிவிடுவேன். கேட்டவர்கள் அதற்கு மேல் கேட்பதில்லை. உண்மையும் ஏறக்குறைய அதுதான். கம்ப்யூட்டரின் மெமரி அடுப்பங்கரை மேடை மாதிரி. கைக்கு எட்டும், ஆனால் இடம் கொஞ்சம். மேடை நிறைந்தால் எதையாவது தூக்கிப் பரணில் போட வேண்டும். அதற்கென்று ஹார்ட் டிஸ்கில் ஒதுக்கி வைத்த இடத்துக்கு ஸ்வாப் என்று பெயர். எதை மேலே ஏற்றுவது, எப்போது ஏற்றுவது, திரும்பக் கேட்டால் எப்படிச் சீக்கிரம் இறக்கித் தருவது என்பதையெல்லாம் முடிவு செய்வது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் அடிமடியில் இருக்கும் கெர்னல். அதில் சில நூறு வரிகளோடு மாரடிப்பதற்குத்தான் பெங்களூரில் ஒரு கம்பெனி எனக்குச் சம்பளம் தருகிறது. நான் தூத்துக்குடியில் ஒரு மாடி வீட்டில் உட்கார்ந்து மாரடிக்கிறேன்.

எங்களுடையது நாசரேத் பக்கத்து வாத்தியார் குடும்பம். அப்பா, அம்மா, இரண்டு சித்திகள் என்று எல்லாரும் சாக்பீஸ் பிடித்தவர்கள். அவர்களைப் பொறுத்தவரை நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவள். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனால் கேக்கோடு சேர்த்து, மை இழுக்காத பிரிண்டர் ஒன்றையும் என் முன்னால் கொண்டுவந்து வைப்பார்கள். எனக்கு பிரிண்டரைத் திறக்கவே தெரியாது என்று சொன்னால், இத்தனை வருஷம் அங்கே என்னதான் கிழித்தாய் என்கிற பார்வை வரும்.

என் வேலையை ஓரளவு புரிந்துகொண்ட ஒரே ஆள் என் கணவர். அவருக்குத் துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டில் வேலை. பெட்டி மேல் பெட்டியாக அடுக்குகிற இடம். முதலில் கப்பல் ஏற வேண்டிய பெட்டி அடியில் மாட்டிக்கொண்டால் மேலே இருக்கும் மூன்றையும் இறக்கி ஏற்ற வேண்டும். உன் வேலையும் இதுதானே என்றார். இதேதான் என்றேன். எந்தப் பெட்டி எப்போது ஏறும் என்று எங்களுக்கு முன்னாலேயே லிஸ்ட் வந்துவிடும், உனக்கு யார் லிஸ்ட் தருவார்கள் என்று கேட்டார். யாரும் தரமாட்டார்கள். மெமரியைச் சின்னச் சின்னப் பக்கங்களாகப் பிரித்து வைத்திருப்போம். எந்தப் பக்கம் அடுத்துத் தேவைப்படும் என்று கெர்னலுக்குத் தெரியாது. எதைக் கடைசியாக எப்போது தொட்டார்கள் என்பது மட்டும் தெரியும். ரொம்ப நேரமாகத் தொடாததை இனியும் தொடமாட்டார்கள் என்று ஊகித்து அதை வெளியே அனுப்பும். இதை நான் விளக்கி முடித்ததும், குருட்டாம்போக்கு என்று சொல்லு என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அன்று குழம்பில் உப்புத் தூக்கலாக விழுந்தது தற்செயல்தான்.

என் வாழ்நாள் சாதனை என்று நான் அப்போது நினைத்திருந்த பேட்ச் இந்த ஊகத்தை இன்னும் சுறுசுறுப்பாக்குவது. பேட்ச் என்றால் ஏற்கனவே இருக்கும் கெர்னலில் போடுகிற ஒட்டு. வழக்கமான கெர்னல் மேடை நிரம்பி வழிகிற வரைக்கும் சும்மா இருக்கும். பிறகு, விருந்தாளி வாசலில் செருப்பைக் கழற்றும்போது வீடு கூட்டுகிறவளைப் போல அரக்கப்பரக்க எதையெதையோ அள்ளிப் போடும். என்னுடையது அப்படியில்லை. நெரிசல் வருவதற்கு முன்பே, கொஞ்ச நேரமாக யாரும் தொடாத பக்கங்களைச் சத்தமில்லாமல் டிஸ்குக்கு அனுப்பிவிடும். மேடை எப்போதும் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். எழுதி முடித்த அன்று எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

கெர்னலில் ஒரு வரியை மாற்றுவதென்றாலும் மெயிலிங் லிஸ்டுக்கு அனுப்ப வேண்டும். உலகத்தின் பல மூலைகளில் இருப்பவர்கள் அதைப் படித்துக் குற்றம் கண்டுபிடிப்பார்கள். அதில் ஒருவர் பனி பெய்கிற ஏதோ ஒரு நாட்டில் இருக்கிறார். நான் பக்கம் பக்கமாக அனுப்பிய அட்டவணைகளைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். இவையெல்லாம் சோதனைக்காகவே ஓட்டிய சோதனைகள், நிஜமான மனிதர்கள் வேலை செய்கிற கம்ப்யூட்டரில் இது என்ன செய்தது என்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிஜமான மனிதர்கள்தானே, காட்டுகிறேன் என்று மாடிப்படி இறங்கினேன். எங்கள் வீட்டுக்குக் கீழே காலை எட்டு மணியிலிருந்து நிஜமான மனிதர்கள் வரிசையில் நிற்பார்கள்.

கீழே இருப்பது அக்காவின் நெட் சென்டர். அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை, நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரி. கடல் தொழில் குடும்பம், ஐம்பத்தைந்து வயது. கடையில் ஒரு ஸ்கேனர், ஒரு லேமினேஷன் மெஷின், சுவரில் மாதா படம், பழைய கம்ப்யூட்டர் இரண்டு. ஒன்று வருகிறவர்களுக்கு. இன்னொன்று, இரண்டே ஜி.பி. மெமரி உள்ளது, அக்காவுக்கு மட்டும். மீன்பிடித் தடைக்கால நிவாரணம், பென்ஷன், சான்றிதழ், காலேஜ் அப்ளிகேஷன் எல்லாம் அதில்தான் நடக்கும். அக்கா இரண்டே விரலால் தட்டுவாள். ஆனால் ஒரு எழுத்து பிசகாது. தாலுகா ஆபீசில் திருப்பி அனுப்பிய ஃபார்மில் அக்கா அடித்தது ஒன்றுகூட இல்லை என்று தெருவில் ஒரு பெருமை உண்டு.

கடற்கரையில் ஃபார்ம் போடுவதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. எல்லா ஃபார்மும் கடைசியில் ஒரு ஓ.டி.பி. கேட்கும். அது ஆதாரில் பதிந்த போன் எண்ணுக்குப் போகும். அந்த எண் வீட்டு ஆம்பளையுடையது. ஆம்பளை கடலில் இருப்பான். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் சிக்னல் போய்விடும். எண்ணை மாற்றித் தொலைங்கள் என்று அக்கா ஒவ்வொரு தடவையும் திட்டுவாள். சரிக்கா என்பார்கள். அடுத்த தடவையும் அதே எண்தான்.

இதற்கு அக்கா ஒரு வழி வைத்திருந்தாள். காலையில் பெண்கள் காகிதங்களோடு வருவார்கள். அக்கா ஃபார்மை முழுக்க அடித்து, ஓ.டி.பி. அனுப்பச் சொல்லும் பொத்தானுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடுவாள். பிரௌசரில் அந்த டேப் அப்படியே திறந்து கிடக்கும். இப்படி ஐந்தாறு குடும்பங்களின் டேப்கள் வரிசையாக நிற்கும். எந்த அரசாங்கத் தளம் பொறுமையாகக் காத்திருக்கும், எது அரை மணியில் வெளியே தள்ளும் என்பது அக்காவுக்கு அத்துப்படி. மத்தியானம் படகு திரும்பும்போது சிக்னல் கிடைத்ததும் அங்கிருந்து போன் வரும். இங்கே பொத்தானை அழுத்துவாள். அவன் தனக்கு வந்த எண்ணைச் சொல்வான். படகு கரை சேர்வதற்குள் ஃபார்ம் போயிருக்கும். இதில் அவளுக்கு ஒரு கண்டிப்பு. கடலில் இருப்பவன் பெயரில் திறந்த டேபை, அவன் கரை சேரும் வரைக்கும் என்ன ஆனாலும் மூடமாட்டாள். ஏன் என்று ஒரு தடவை கேட்டேன். கேட்கக்கூடாததைக் கேட்டவளைப் பார்ப்பது போல் பார்த்தாள். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

அந்த மெஷினில் ஒரு அப்டேட் போட வேண்டும் என்று அக்காவிடம் சொன்னேன். பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. நீ போட்டா சரியாத்தான் இருக்கும் என்று எழுந்து இடம் கொடுத்தாள். என் பேட்ச் சேர்த்த கெர்னலைப் போட்டேன். கூடவே, எத்தனை பக்கங்கள் எப்போது உள்ளே வந்தன, எப்போது வெளியே போயின என்று எண்ணிக்கொண்டே இருக்கும் ஒரு சின்ன உளவாளி புரோகிராமையும் ஓட விட்டேன். யார் என்ன எழுதினார்கள் என்பதை அது பார்க்காது. எண்ணிக்கை மட்டும்தான். இப்படி நானே எனக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

மூன்று வாரத்தில் கிடைத்த எண்கள் அவ்வளவு அழகு. இரண்டு ஜி.பி. மெஷினில்கூட மேடையில் எப்போதும் கொஞ்சம் இடம் காலி. மெயிலிங் லிஸ்டுக்கு அனுப்பினேன். பனிநாட்டுக்காரர்கூட, சுவாரசியமாக இருக்கிறது என்று எழுதினார். அவர் வாயிலிருந்து அது வந்தால் பொன்னாடை போர்த்தியது மாதிரி. மக்ரூன் வாங்கி வந்து அக்காவுக்கும் கொடுத்தேன். எதற்கு என்றாள். ஆபீசில் நல்ல செய்தி என்றேன். இரண்டை வாயில் போட்டுக்கொண்டு, இந்த மெஷின் இப்போதெல்லாம் தூங்கித் தூங்கி விழுகிறது, ஒரு டேபைத் தொட்டால் விழித்துப் பார்க்கவே நேரமாகிறது என்றாள். பழைய டிஸ்க் இல்லையா, அதற்கும் வயசாகிறது என்று சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன். மக்ரூன் அவ்வளவு தித்திப்பாக இருந்தது.

அது கச்சான் காற்று அடிக்கிற மாதம். கச்சான் கரையிலிருந்து கடலைப் பார்த்துத் தள்ளும் காற்று. போன படகு திரும்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அன்று பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி மகளுக்கு நர்சிங் அப்ளிகேஷன் போட வந்திருந்தாள். முந்தின நாள் சாயங்காலம்தான் ஒரு சான்றிதழ் கைக்கு வந்ததாம். மாலை ஐந்து மணியோடு கடைசித் தேதி முடிகிறது. மகள் நல்ல மார்க், இந்த வருஷம் விட்டால் ஒரு வருஷம் போச்சு. போன் எண், வழக்கம்போல், கடலுக்குப் போன புருஷனுடையது. அக்கா பத்து மணிக்கே ஃபார்மை அடித்துத் தயாராக நிறுத்திவிட்டாள். பன்னிரண்டுக்குத் திரும்ப வேண்டிய படகு இரண்டு மணிக்கும் வரவில்லை, மூன்றுக்கும் வரவில்லை. நான் டீக்குக் கீழே இறங்கியபோதெல்லாம் அந்தப் பெண் பிளாஸ்டிக் நாற்காலியில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

நாலே கால் மணிக்குப் போன் வந்திருக்கிறது. காற்றோடு மல்லுக்கட்டி இப்போதுதான் சிக்னலுக்குள் வந்திருக்கிறோம், கரை சேர இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று. அக்கா டேபைத் தொட்டாள். திரை வெளுத்துப்போய் நின்றது. டிஸ்க் கரகரவென்று அரைத்தது. பதறிப்போய் இரண்டு மூன்று தடவை அழுத்தியிருக்கிறாள். திரைதான் தூங்கியதே தவிர அழுத்தியது உள்ளே போய்விட்டது. படகுக்கு ஓ.டி.பி. போயிற்று. அதற்கு ஆயுள் மூன்று நிமிடம். எண்ணைப் போடுகிற கட்டம் திரையில் வந்தபோது நாலு நிமிடம் ஆகியிருந்தது. இரண்டாவது தடவையும் அதே கதை. மூன்றாவதும் தவறினால் ஒரு நாள் முழுக்கத் தளம் பூட்டிக்கொள்ளும். அப்போதுதான் அக்கா மாடியைப் பார்த்து என்னைக் கூப்பிட்டாள்.

கடை வாசலில் கால் வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து யாரும் தொடாத அந்த டேபை என் பேட்ச் எப்போதோ பொட்டலம் கட்டி டிஸ்குக்கு அனுப்பியிருக்கும். அதைத்தான் அந்தக் கிழட்டு டிஸ்க் துண்டு துண்டாக இறக்கிக்கொண்டிருந்தது. திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றேன். அக்கா அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்குத்தான் கை ஓடலம்மா. வயசாயிட்டுல்லா, நேரத்துல அழுத்த முடியல."

அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. முதலில் வேலையைப் பார்ப்போம் என்று நினைத்தேன் என இப்போது சொல்லிக்கொள்ளலாம். வெட்கம்தான் காரணம். உட்கார்ந்து பார்த்தால் அந்தப் பெண்ணுடையதைத் தவிர இன்னும் நாலு டேப் திறந்து கிடந்தன. இவற்றை மூடினால் மெமரி கிடைக்கும் என்றேன். அக்கா முடியாது என்றாள். நாலு பேரும் கடலில் இருக்கிறார்களாம், அதே காற்றில்தான் அவர்களும் மாட்டியிருக்கிறார்களாம். சரி, ஒன்றிரண்டையாவது மூடுவோம், காலையிலிருந்து தொடாமல் சும்மா கிடப்பது எது என்று கேட்டேன்.

"ரொம்ப நேரமாக் காத்துக் கெடக்கவனயா மொதல்ல வெளிய தள்ளச் சொல்லுத? நல்லாருக்குளா ஒன் நியாயம்."

என் பேட்சின் பிழையை இதைவிடச் சுருக்கமாக எந்த நாட்டுக்காரரும் எனக்குச் சொன்னதில்லை. மறுநாள் அதை நானே திரும்பப் பெற்றேன். பல மாதம் கழித்து வேறு மாதிரி எழுதினேன். அதில், ஒரு புரோகிராம் தன் பக்கங்களைக் காட்டி, இவை சும்மா கிடக்கவில்லை, காத்திருக்கின்றன என்று கெர்னலிடம் சொல்லிவைக்க முடியும். சொன்னால் கடைசி வரைக்கும் அவற்றில் கை வைக்காது. ஆனால் அன்று மணி நாலு முப்பத்தைந்து, தத்துவத்துக்கு நேரமில்லை.

யாரை வெளியே தள்ளுவது என்று, ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அந்தச் சின்ன மெஷினில் மெமரியை உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தவர்களில் பிரௌசருக்கு அடுத்த இடம் என் உளவாளிக்கு. மூன்று வாரம் எண்ணி எண்ணிக் கொழுத்துப் போயிருந்தது. வீட்டில் இடமில்லை என்று விருந்தாளிகளைப் பரணுக்கு அனுப்பிவிட்டு, நடுக்கூடத்தில் என் ஆள் காலை நீட்டிப் படுத்திருந்திருக்கிறான். முதலில் அவனை வெளியேற்றினேன். பிறகு, என்னுடைய பயந்த சுபாவத்தால் பேட்சில் வைத்திருந்த ஒரு சுவிட்சைப் போட்டு அதன் வேலையை நிறுத்தினேன். மெஷினை அணைத்து ஏற்றத் தேவையில்லாமல் போனது என் கெட்டிக்காரத்தனம் இல்லை, என்மேலேயே எனக்கிருந்த அவநம்பிக்கை.

நிறுத்தினாலும், ஏற்கனவே டிஸ்குக்குப் போனது தானாக இறங்கி வராது. தொட்டால்தான் வரும். அதனால் பொத்தான் பக்கமே போகாமல், ஃபார்மை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே மெதுவாக நகர்த்தினேன். பெயர், தகப்பனார் பெயர், பத்தாம் வகுப்பு மார்க், பன்னிரண்டாம் வகுப்பு மார்க், குட்டியாக ஒரு போட்டோ. ஒவ்வொன்றாக வெளுப்பிலிருந்து திரைக்கு வந்தது. படகில் எஞ்சின் சத்தத்தில் பேச்சுக் கேட்காது என்று எஞ்சினை அணைத்துப் போட்டிருந்தார்கள். அணைத்த ஒவ்வொரு நிமிடமும் கச்சான் அவர்களைத் திரும்பக் கடலுக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. சிக்னல் ஒரு கோடுதான் இருக்கு, சீக்கிரம் என்று போனில் அந்த மனிதர் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிஸ்கிலிருந்து ஒரு பக்கம் சீக்கிரம் இறங்கி வருகிறதா என்பதற்காக இவ்வளவு தவித்தது என் பதினைந்து வருட வேலையில் அன்று ஒரு நாள்தான்.

நாலு ஐம்பதுக்கு டிஸ்க் விளக்கு அணைந்தது. அழுத்துங்கள் என்று எழுந்து அக்காவுக்கு இடம்விட்டேன். அக்கா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீயே அழுத்து. என் கை வேண்டாம்."

அழுத்தினேன். கட்டம் உடனே வந்தது. அந்த மனிதர் ஆறு எண்களைத் தனித்தனியாக, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொன்னார். போட்டேன். விண்ணப்பம் பெறப்பட்டது என்று திரையில் வந்தபோது ஐந்துக்கு ஆறு நிமிடம் இருந்தது. அங்கே எஞ்சின் திரும்பப் பிடிக்கிற சத்தம் போனில் கேட்டது. அந்தப் பெண் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, நீங்கள் மட்டும் வராமல் இருந்தால் என் பிள்ளை கதி என்ன என்று அழுதாள். இவ பெரிய படிப்பு படிச்சவல்லா என்று அக்கா பெருமைப்பட்டாள். பிரிண்ட் எடுத்துக் கொடுத்து அந்தப் பெண்ணை அனுப்பி வைத்துவிட்டு, தன் பழைய நாற்காலியில் உட்காராமல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அதைப் பார்த்த பிறகு என்னால் மாடிக்கு ஏற முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அது வெறும் அப்டேட் இல்லை, நான் எழுதியது, நன்றாக ஓடுகிறதா என்று பார்க்க உங்கள் மெஷினில் போட்டேன், மூன்று வாரமாக மெஷின் தூங்கியதற்கு டிஸ்கின் வயசு காரணமில்லை, நான்தான் காரணம் என்றேன். திட்டுவாள், வீட்டைக் காலி செய் என்றுகூடச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் தன் வலது கை விரல்களை விரித்து ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"அப்பம் என் கை நல்லாத்தான் இருக்கு?"

நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். அவ்வளவுதான், எழுந்து தெருவுக்கு ஓடினாள். அதற்குள் தெருமுனைக்குப் போயிருந்த அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள். ஃபார்மைத் தள்ளிவிட்டார்களோ என்று அவள் வெளிறிப்போய்த் திரும்பி ஓடி வந்தாள். "இவ சொல்லுதத ஒரு நிமிசம் கேளு" என்று அக்கா என்னை முன்னால் தள்ளினாள்.

மெயிலிங் லிஸ்டில் நாலு பக்கம் எழுதுகிறவள் நான். அங்கே தெருவில் நின்று இரண்டே வரியில் சொன்னேன். தப்பு அக்கா மேல் இல்லை, அவர்களிடம் உள்ளதைச் சொல்லாமல் அந்த மெஷினில் நான் ஒன்றைப் போட்டு வைத்திருந்தேன், அதனால்தான் இரண்டு தடவையும் போயிற்று என்று. சற்று முன்னால் என் கையைப் பிடித்து அழுதவள் என்னை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தாள். ஃபார்ம் போய்விட்டதுதானே என்று அக்காவிடம் கேட்டாள். போயிட்டு என்றாள் அக்கா. பிரிண்டை இன்னொரு தடவை விரித்துப் பார்த்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு மூத்தவனுக்கு வருமானச் சான்றிதழ் போடணும்க்கா, காலையில வாரேன். நீங்களே அடிங்க. இந்தம்மாவ மட்டும் மெஷினத் தொட விடாதீய."

விடமாட்டேன் என்றாள் அக்கா.